மலையகத் தோட்டப் பள்ளியில் முதல் தவணை: சிங்கப்பூரிலிருந்து செல்லும் இளம் ஆசிரியர்களுக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டில் அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ, தலவாக்கலை, ஹப்புத்தளை, பசறை என்று தேயிலை படர்ந்த சரிவுகளில் சின்னச் சின்னத் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு தவணையாவது கற்பிக்க வேண்டும் என்று நினைக்கும் சிங்கப்பூர் இளையர்களுக்காக எழுதியது இது. ஆசிரியர் பயிற்சியை இப்போதுதான் முடித்தவர்களுக்கும், சம்பளமில்லா விடுப்பில் செல்லும் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் பொருந்தும்.

அங்கே ஏற்கெனவே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பலர் அதே மலையில் பிறந்து, அதே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டில்) படித்து வந்தவர்கள். இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே நேரத்தில் பார்க்கும் அவர்களுக்கு ஒரு வேலைக்கு மட்டும் நேரம் கிடைப்பதில்லை. வாசிக்கத் தெரியாமலே தரம் 4, தரம் 5 வரை வந்துவிட்ட பிள்ளைகளோடு தினமும் ஒரு மணி நேரம் உட்காரும் வேலை அது. அதைச் செய்யும் ஆளாகப் போங்கள். ஆங்கில வகுப்பு, பாட்டு, விளையாட்டு எல்லாம் அதற்குப் பிறகு.

எப்போது போவது, யாரிடம் அனுமதி பெறுவது

நம் பள்ளி விடுமுறையில் போய்வரலாம் என்று திட்டமிட்டால் கணக்கு உதைக்கும். அங்கே பெரும்பாலும் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் தவணை விடுமுறை. நமது நவம்பர், டிசம்பர் விடுமுறையின் பெரும்பகுதியில் அங்கே பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், அல்லது தவணைப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்கள். ஜூன் மாத நான்கு வாரம் தென்மேற்குப் பருவமழையின் நடுவே விழும். அட்டன், மஸ்கெலியா பக்கம் பாதிப் பிள்ளைகள் வராத நாட்கள் அவை. பதுளை, பசறைப் பக்கத்துக்கு ஆண்டுக் கடைசி மழைதான் பெரிது. குறைந்தது ஒரு முழுத் தவணை இருக்க முடிந்தால் மட்டும் கிளம்புங்கள். இரண்டு வாரத்தில் பிள்ளைகள் உங்கள் பெயரைப் பழகுவார்கள். எழுத்தைப் பழக மாட்டார்கள்.

சுற்றுலா விசாவில் வகுப்பெடுக்கக் கூடாது, சம்பளம் வாங்காவிட்டாலும் சரி. உங்களை அழைக்கும் அமைப்பு உரிய விசாவுக்கு ஏற்பாடு செய்கிறதா என்று எழுத்து மூலம் கேளுங்கள். அரசுப் பள்ளிக்குள் நுழைய வலயக் கல்விப் பணிமனையின் கடிதம் வேண்டும். அதிபர் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது. தோட்டக் குடியிருப்பில் தங்குவதென்றால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதமும் தேவை. மூன்றும் கையில் வந்த பிறகு விமானச் சீட்டு வாங்குங்கள். சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சின் இ-ரெஜிஸ்டரில் பயணத்தைப் பதிந்துவிடுங்கள்.

இங்கேயே செய்ய வேண்டிய பழக்கம்

பள்ளி பல சமயம் பஸ் நிற்கும் இடத்திலிருந்து செங்குத்தான நடைபாதையில் இருக்கும். புக்கிட் தீமா குன்றின் உயரம் 164 மீட்டர்தான். அதை நிற்காமல் இரண்டு முறை ஏறி இறங்க முடிந்தால் சமாளிப்பீர்கள். வீவக அடுக்குமாடியில் மின்தூக்கியை விட்டுவிட்டு, எட்டுக் கிலோ பையோடு படியேறுவது நல்ல பயிற்சி. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

திரையும் ஸ்லைடும் வைத்துக் கற்பித்த கைக்குக் கரும்பலகை வராது. வெள்ளைப் பலகையில் எழுதிப் பழகுவது போதாது. சாக்குக்கட்டிக்கு அழுத்தம் வேறு. வாரம் மூன்று நாள் எழுதிப் பாருங்கள். எழுத்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. லயத்துப் பள்ளிக் கட்டடங்களில் வெளிச்சம் குறைவு, பின்வரிசைக்குச் சின்ன எழுத்து தெரியாது. ழ, ஐ, இ, ண ஆகியவற்றை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உங்கள் கை போகும் வழியைத்தான் படியெடுப்பார்கள்.

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பு பயண மருத்துவரைப் பாருங்கள். டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகளோடு வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டிப் போடும் ஊசியைப் பற்றியும் கேளுங்கள். தோட்டங்களில் நாய்கள் அதிகம், பெரிய மருத்துவமனை தூரம். இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டது, அதற்கு மாத்திரை தேவையில்லை.

பையில் என்ன

அட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். இரவில் 10, 12 பாகைக்கு இறங்குவது சாதாரணம். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி விழும். இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளித் தொப்பி, மூன்று ஜோடி தடித்த காலுறை. துணி காய மூன்று நாளாகும் என்பதால் உள்ளாடையைக் கூடுதலாக எடுங்கள். மழைக்குக் குடை போதாது, காற்று பிய்த்துவிடும். முழங்காலுக்குக் கீழ் வரும் மழைக்கோட்டு வேண்டும்.

பெண் ஆசிரியர்கள் பள்ளிக்குச் சேலை கட்டுவதே அங்கே வழக்கம். சீக்கிரம் காயும் நூல்கலப்புச் சேலை நான்கு போதும், தேக்காவில் வாங்கிவிடலாம். பட்டு வேண்டாம். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, ரப்பர் காலணியில் நடந்து, பள்ளிக்கு வந்ததும் செருப்பு மாற்றிக்கொள்வதை அங்குள்ள ஆசிரியைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு முழுக்கைச் சட்டை, கால்சட்டை. ஜீன்ஸ் வேண்டாம்.

வகுப்புக்கு: அட்டைகள் வெட்டத் தடித்த அட்டைத்தாள் 50, அகலமான ஒளிபுகும் ஒட்டுநாடா நான்கு சுருள், நல்ல கத்தரிக்கோல் இரண்டு, ரப்பர் வளையங்கள், மூடி இறுக்கமான இரண்டு தகரப் பெட்டிகள். தகரம் ஏனென்றால் மழைக்காலத்தில் சாக்குக்கட்டி ஈரம் குடித்து, பலகையில் பதியாமல் வழுக்கும். பெட்டிக்குள் ஒரு துணி முடிச்சில் அரிசியோ கரியோ போட்டு வைத்தால் காய்ந்தே இருக்கும். அட்டைகளை இருபுறமும் நாடா ஒட்டி மூடாவிட்டால் ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கையடக்கக் கணினி, புரொஜெக்டர் எடுத்துப் போக வேண்டாம். மின்சாரம் போகும், ஈரத்தில் கெடும், நீங்கள் திரும்பிய பிறகு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அதற்குப் பதில் சூரியசக்தி விளக்கு இரண்டு எடுத்துச் செல்லுங்கள். நம் மூன்று முனைப் பிளக் பல இடங்களில் பொருந்தும். பழைய கட்டடங்களில் உருண்டை முனைத் துளைகள் இருக்கும், ஒரு மாற்றி போதும்.

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் அட்டன் ஐந்தாறு மணி நேரம். அதற்கு மேல் பஸ், பிறகு ஆட்டோ, பிறகு நடை. இருட்டும் முன் போய்ச் சேரும்படி கணக்கிட்டு, முந்தின இரவைக் கொழும்பிலோ கண்டியிலோ கழியுங்கள்.

தெரிந்துகொண்டு போக வேண்டிய வரலாறு

இந்த மக்களின் முன்னோர் 1820களிலிருந்து தமிழகத்து ஊர்களிலிருந்து, முதலில் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும், அழைத்து வரப்பட்டவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. தோட்டப் பள்ளிகளை அரசு 1970களில்தான் பொறுப்பேற்றது. அதுவரை பல தோட்டங்களில் ஓரறையும் ஓராசிரியருமே பள்ளி. இன்று தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளையின் பாட்டி பள்ளி வாசலையே மிதிக்காதவராக இருக்கலாம்.

சிங்கப்பூர், மலாயாத் தமிழர்களில் பலருக்கும் ரப்பர்த் தோட்ட வரலாறு வீட்டில் கேட்ட கதை. இருந்தாலும் 'எங்கள் தாத்தாவும் இப்படித்தான் முன்னேறினார், நீங்களும் முயன்றால்' என்று பேசாதீர்கள். குடியுரிமை பறிக்கப்பட்டவர்களோடு அது ஒப்பாகாது. அவர்கள் மலையகத் தமிழர். 'இந்தியாவில் எந்த ஊர்?' என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். வேறு யாராவது 'தோட்டக்காட்டான்' என்று சொல்லக் கேட்டாலும் அது வசை என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் வாரம்

முதல் இரண்டு நாள் வகுப்பெடுக்காமல், ஒவ்வொரு வகுப்பின் பின்னாலும் உட்கார அதிபரிடம் அனுமதி கேளுங்கள். பள்ளி பெரும்பாலும் காலை 7.30க்குத் தொடங்கி பிற்பகல் 1.30க்கு முடியும், பாடவேளை ஏறத்தாழ 40 நிமிடம். யார் சாப்பிடாமல் வருகிறார்கள், எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கிறது, எந்த வகுப்புக்குள் ஒழுகுகிறது என்று ஒரு கொப்பியில் (குறிப்பேட்டில்) குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உங்களை 'டீச்சர்' என்றோ 'சேர்' என்றோ அழைப்பார்கள். மூத்த ஆசிரியர்களை நீங்களும் அப்படியே அழையுங்கள். பெற்றோரை அம்மா, ஐயா, அக்கா, அண்ணே என்று வயதுக்கேற்ப. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.

அதிபர் உங்களிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஆங்கிலமாகத்தான் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் என்றால் அந்த எதிர்பார்ப்பு இயல்பு. மறுக்காதீர்கள். தினமும் ஒரு பாடவேளை ஆங்கிலப் பேச்சுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு பாடவேளையும் இடைவேளைக்குப் பின் இருபது நிமிடமும் வாசிப்புக்காகக் கேட்டு வாங்குங்கள். தரம் 5 ஆசிரியரிடம் பணிவாகப் பேசுங்கள். புலமைப்பரிசில் பயிற்சியை நீங்கள் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, வாசிக்கத் திணறும் பிள்ளைகளை மட்டும் கேட்கிறீர்கள் என்று அவருக்குத் தெளிவானால், அவரே பெயர்ப் பட்டியல் தருவார்.

வாசிக்கத் தெரியாத பிள்ளையிலிருந்து தொடங்குவது

எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்தெழுதும் பிள்ளை, எழுதியதை வாசிக்கத் தெரியாமல் இருக்கும். அந்த அழகான கையெழுத்துதான் எல்லாரையும் ஏமாற்றிவிடுகிறது. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே, மற்றவர்கள் கண்ணில் படும் ஆனால் காதில் விழாத தூரத்தில் உட்காரவைத்து, ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். இந்தியாவின் பிரதம் அமைப்பு 2005 முதல் ஊர் ஊராகச் செய்துவரும் முறை இதற்குப் பொருந்தும். நான்கு அட்டைகள் தயாரியுங்கள்: பத்து எழுத்துகள், பத்து எளிய சொற்கள், நான்கு வாக்கியப் பத்தி, எட்டு முதல் பத்து வாக்கியக் கதை. பத்தியில் தொடங்குங்கள். சரளமாகப் படித்தால் கதைக்கு ஏற்றுங்கள். தடுமாறினால் சொல்லுக்கு இறங்குங்கள். ஏதாவது ஐந்து சொல்லில் நான்கு சரியென்றால் அது சொல் நிலை. அதுவும் முடியாவிட்டால் எழுத்து. தவறைத் திருத்தாதீர்கள், 'ம்' என்று மட்டும் சொல்லுங்கள். முகத்தைச் சுளித்தால் அடுத்த வரி வராது.

பிறகு தரத்தை மறந்துவிட்டு, நிலைவாரியாகக் குழு பிரியுங்கள். தரம் 5 பிள்ளையும் தரம் 3 பிள்ளையும் ஒரே குழுவில் வரும்போது பெரிய பிள்ளைக்கு வெட்கம் இருக்கும். அவர்களுக்கு அட்டைப் பெட்டியின் பொறுப்பைக் கொடுங்கள்.

தமிழுக்கு 247 எழுத்து என்று சொல்லிக்கொண்டு 'அ, ஆ' வரிசையில் தொடங்கினால் தவணை முடிந்துவிடும். பிள்ளைக்கு உண்மையில் வேண்டியது 12 உயிர், 18 மெய், 11 உயிர்க்குறி, ஒரு புள்ளி. அவற்றையும் வடிவம் எளிதானது முதல், உடனே சொல்லாகும்படி, இப்படி அடுக்குங்கள்.

முதலில் ட, ப, ம, ர நான்கும் புள்ளியும். படம், மடம், பட்டம், மட்டம், மரம், ரப்பர் என்று முதல் நாளே ஆறு சொல் வாசித்துவிடலாம். இரண்டு ஆண்டு பள்ளிக்கு வந்தும் ஒரு சொல்லும் படிக்காத பிள்ளைக்கு இது பெரிய விஷயம், அன்றே வீட்டில் சொல்லும். அடுத்து க, த, ச-வும் ஆகாரக் காலும்: மாமா, தாத்தா, பாப்பா, காகம், மாதம். பிறகு ந, ல, ள, வ, அவற்றோடு இகர ஈகாரக் குறி: நரி, கிளி, படி, தீ.

இதற்குப் பிறகுதான் உண்மையான தடை. ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். பிள்ளை 'செடி'யை இடமிருந்து வலமாகப் பார்த்து 'எ... ச...' என்று தட்டுத்தடுமாறும். திட்டிப் பயனில்லை. விரலை முதலில் ச-வின் மேல் வைக்கச் சொல்லி, 'ச்' என்று தொடங்கி, பிறகு கொம்புக்கு நகர்த்தச் சொல்லுங்கள். ஒரு வாரம் விரல் வேண்டும், பிறகு கண்ணே செய்துகொள்ளும். இந்த நிலைக்கு மலை, கடை, இலை, பாதை, தேன், பெட்டி. அது உறுதியான பிறகே இருபுறமும் நிற்கும் ொ, ோ: கொடி, தோட்டம், கோயில்.

உகரமும் ஊகாரமும் கடைசி. கு, சு, டு, து, மு, ழு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் குறியாகச் சொல்லிக்கொடுக்க முடியாது, ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். ஒரே வகையாக மாறுகிறவற்றைச் சேர்த்துத் தாருங்கள்: து, நு, லு ஒரு கூட்டம், மு, ழு, ரு இன்னொன்று. அம்மாவின் முதுகில் தினமும் பார்க்கும் கூடையையும் அதிலிருக்கும் கொழுந்தையும் அப்போதுதான் பிள்ளையால் வாசிக்க முடியும். 'கொழுந்து' என்ற சொல்லில் ஒகரக் கொம்பு, ழு, புள்ளி, து எல்லாமே இருக்கின்றன. அதைத் தயங்காமல் படித்த பிள்ளையைப் பத்தி நிலைக்கு ஏற்றிவிடலாம்.

ல, ள, ழ பேதமும் ந, ன, ண பேதமும் பேச்சில் அங்கே நம்மிடம் இருப்பது போலவே மழுங்கியிருக்கும். வாசிக்கும்போது உச்சரிப்பைத் திருத்தி ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். சொல்வதெழுதலில், வாரத்துக்கு ஐந்து சொல் வீதம் பாருங்கள்.

ஒரு மணி நேரத்தைப் பிரிக்கும் விதம்: முதல் பத்து நிமிடம் நீங்கள் ஒரு சிறு கதையை விரல் வைத்துச் சத்தமாக வாசிப்பது, அடுத்த பதினைந்து உயிர்மெய் அட்டவணையில் குதித்துக் குதித்துப் படிப்பது (வரிசையாகப் படித்தால் மனப்பாடம் ஆகிவிடும், எழுத்து தெரியாது), பதினைந்து நிமிடம் அட்டை விளையாட்டு, பதினைந்து நிமிடம் பிள்ளை சொல்வதை அதன் கொப்பியில் எழுதி அதையே வாசிக்கவைப்பது, கடைசி ஐந்தில் இரண்டு பிள்ளைகளைத் தனியே கேட்பது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த நான்கு அட்டைகளைத் திரும்ப எடுத்து நிலையை மாற்றுங்கள். ஆறு வாரம் ஆகியும் எழுத்து நிலையில் அசையாத பிள்ளைக்குக் கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும். பலகைக்கு மூன்று மீட்டர் தள்ளி நிறுத்திப் பாருங்கள், முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் அதிபர் வழியாகச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

கதைப் புத்தகம் இங்கிருந்து கொண்டுபோகலாம், பக்கத்துக்கு மூன்று நான்கு வரிக்கு மேல் இல்லாதவை. மின்தூக்கியும் விரைவு ரயிலும் வரும் கதைகளும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் முதல் மாதத்தில் அவர்கள் சொல்லி நீங்கள் எழுதிய கதைகள்தான் வேகமாகப் படிக்கப்படும்.

இரண்டு வகுப்பு, ஒரு அறை

ஒரு ஆசிரியர் விடுப்பென்றால் தரம் 2, தரம் 3 இரண்டும் உங்கள் கையில் வந்துவிடும். இரண்டுக்கும் மாறி மாறி ஓடினால் இரண்டும் கலையும். 40 நிமிடத்தை மூன்றாக வெட்டுங்கள்: பத்து நிமிடம் இருவருக்கும் பொதுவான ஒன்று (கதை, பாட்டு, எண் விளையாட்டு), பதினைந்து நிமிடம் ஒரு வகுப்புக்கு நேரடிக் கற்பித்தல், பதினைந்து மற்றதற்கு. கற்பிக்காத வகுப்புக்குக் கொடுக்கும் வேலை, உங்களிடம் வந்து கேட்கத் தேவையில்லாத வேலையாக இருக்க வேண்டும். புதிய பாடத்தைத் தனிவேலையாகக் கொடுப்பதால்தான் இரைச்சல் கிளம்புகிறது. நேற்றுப் படித்ததையே கொடுங்கள். வகுப்புகளை எதிரெதிர்ச் சுவர் பார்த்து உட்காரவையுங்கள்.

கணக்குக்குப் பாடநூலோடு கொழுந்து நிறுவையையும் சேர்த்துக்கொள்ளலாம். கிலோ, கிராம், சாக்கின் எடையைக் கழிப்பது எல்லாம் பிள்ளைகள் வீட்டில் காதில் கேட்டவை. தோட்டம் சரியாக நிறுக்கிறதா இல்லையா என்ற பேச்சுக்குள் வகுப்பறையில் போகாதீர்கள். நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அதிபரும் பெற்றோரும் அங்கேயே இருக்க வேண்டும்.

வராத பிள்ளை

வராமைக்குச் சோம்பல் காரணம் என்று முடிவுகட்டும் முன் தோட்டத்தின் நாளைப் பாருங்கள். விடியலில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்), பிறகு மலைக்கு ஏறினால் தாய் திரும்ப மாலை ஐந்தாகும். குறித்த கிலோ பறித்தால்தான் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), குறைந்தால் அரைப் பேர். கொழுந்து அதிகமாக வரும் பருவத்தில் கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண்பிள்ளை வீட்டில் நிறுத்தப்படும். சம்பள நாளன்றும், கோயில் திருவிழா வாரத்திலும், விடாத மழையிலும் வரவு குறையும். 2021இல் நாட்கூலி 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் (அரசிதழில்) வந்ததே பெரிய போராட்டத்துக்குப் பிறகுதான். அதனால் மாதக் கடைசியில் கொப்பி, வண்ணத்தாள் என்று எதையும் வாங்கிவரச் சொல்லாதீர்கள். சொன்னால் மறுநாள் அந்தப் பிள்ளை வராது.

தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். ஊர் தெரிந்த ஒரு ஆசிரியரோடு, மாலை ஐந்தரைக்கு மேல், அல்லது ஞாயிறு காலை. தனியாக வேண்டாம். லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்காரச் சொன்னால் உட்காருங்கள், கொடுக்கும் பிளேன்டீயைக் குடியுங்கள். 'ஏன் அனுப்பவில்லை?' என்று தொடங்காமல், பிள்ளை எதில் கெட்டி என்பதை முதலில் சொல்லுங்கள். குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்பது காரணமென்றால், தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் (குழந்தைக் காப்பகத்தில்) இடமிருக்கிறதா என்று அதிபர் விசாரிக்கட்டும். தகப்பனின் குடியைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்.

பசிக்கும் வரவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காலைக் கூட்டத்தில் பிள்ளை மயங்கி விழுந்தால் முதலில் கேட்க வேண்டியது சாப்பிட்டாயா என்பதே. கனமான பாடத்தைப் பள்ளி உணவுக்குப் பிறகு வையுங்கள். உங்கள் கைக்காசில் உதவ விரும்பினால் தனிப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்காமல், பொதுச் சமையலுக்குப் பருப்போ முட்டையோ சேர்க்க முடியுமா என்று அதிபரிடம் கேளுங்கள்.

மழை, மண், குளவி, அட்டை

2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அபாயம் இருப்பதாக முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் விடுக்கிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழித்திருக்க வேண்டும், 100 தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும்.

பள்ளியிலேயே மழைமானி ஒன்று செய்யுங்கள். நேரான சுவருள்ள ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல் ஆகிவிடும். அடியின் வளைவுவரை கல்லும் தண்ணீரும் நிரப்பி அந்த மட்டத்தைச் சுழியம் என்று கோடிடுங்கள். அதிலிருந்து மேலே மில்லிமீட்டர் அளவுகோல் ஒட்டுங்கள். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி நட்டு, தினமும் காலை ஒரே நேரத்தில் தரம் 4 பிள்ளைகள் படித்து எழுதட்டும். அறிவியலும் கணக்கும் அதிலேயே வந்துவிடும். அளவு 75ஐத் தொட்டால் அதிபரிடம் ஓடிச் சொல்வது அவர்கள் வேலை.

சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, சாயத் தொடங்கும் மரமும் மின்கம்பமும், திடீரென்று கலங்கும் பீலித் தண்ணீர் (மலையிலிருந்து குழாயில் விழும் ஊற்றுநீர்), இல்லாத இடத்தில் ஊற்று: இவற்றில் எதைக் கண்டாலும் ஆராய்ந்துகொண்டு நிற்காமல் பிள்ளைகளைச் சரிவின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலக்குங்கள். அனர்த்த முகாமைத்துவ (பேரிடர் மேலாண்மை) நிலையத்தின் எண் 117, இலவச ஆம்புலன்ஸ் 1990. இரண்டையும் வகுப்பறைக் கதவில் பெரிதாக எழுதுங்கள்.

தேயிலைச் செடிக்குள்ளும் மரங்களிலும் குளவிக் கூடுகள் இருக்கும். கலைந்தால் கூட்டமாக வரும். அத்தர் பூசாதீர்கள், குளவி சுற்றினால் கையை வீசாமல் தலையைத் துணியால் மூடி விரைந்து விலகுங்கள். பல கொட்டுகள், மூச்சுத் திணறல், முகவீக்கம் என்றால் உடனே 1990. சிறுத்தை நடமாடும் தோட்டங்களும் உண்டு, விடியலிலும் அந்தியிலும் தனியே நடக்க வேண்டாம்.

இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குக் காலுறையில் சவுக்காரத்தை நனைத்துத் தேய்த்துக்கொண்டால் ஏறாது. கடித்துவிட்டால் பிடுங்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை வழித்து எடுங்கள். இரத்தம் நீண்ட நேரம் கசியும். உறைவதைத் தடுக்கும் பொருள் அட்டையின் உமிழ்நீரில் இருக்கிறது. துணியை அழுத்திப் பிடித்தால் போதும். பீலித் தண்ணீரைத் தெளிந்திருக்கிறது என்று நம்பிக் குடிக்காதீர்கள். நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். நாய் கடித்தால் 15 நிமிடம் சவுக்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவி, முன்பே ஊசி போட்டிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படம், பிரம்பு, பணம்

பிள்ளைகளின் முகமோ லயமோ தெரியும் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். சிங்கப்பூரில் நம் பிள்ளையின் கிழிந்த சட்டையை யாராவது படமெடுத்துப் போட்டால் விடுவோமா? எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இராதீர்கள். ஒரு பிள்ளை துன்புறுத்தலைச் சொன்னால் துருவிக் கேட்காமல், சொன்ன சொற்களை அப்படியே எழுதி அதிபரிடம் கொடுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் எண் 1929.

பிரம்பு இன்னும் சில வகுப்புகளில் இருக்கும். சுற்றறிக்கை தடுத்திருக்கிறது என்று ஆசிரியரிடம் பிள்ளைகள் முன்னால் வாதாடினால் அவரும் நீங்களும் எதிரிகளாவீர்கள். உங்கள் வகுப்பில் பிரம்பில்லாமல் அமைதி வருவதை அவர் பார்க்கட்டும், பிறகு தனியே பேசுங்கள். பிள்ளைக்குக் காயம் என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றே அதிபரிடம் போங்கள்.

சிங்கப்பூரிலிருந்து நண்பர்கள் பணமோ பொருளோ அனுப்ப முன்வந்தால், பள்ளி அபிவிருத்திச் சங்கத்தின் வழியாகவே வரட்டும், பற்றுச்சீட்டோடு. ஒரு வகுப்புக்கு மட்டும் புதுப்பை வந்தால் அடுத்த வகுப்பின் அழுகையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கிளம்பும் முன் மூன்று வாரம்

கிளம்பும் தேதியைப் பிள்ளைகளிடம் மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். திரும்பி வருவேன் என்று சொல்லாதீர்கள். டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் சொல்லலாம். அந்த மூன்று வாரமும் வாசிப்பு வகுப்பை வகுப்பாசிரியர் நடத்த, நீங்கள் பக்கத்தில் இருந்து அட்டை எடுத்துக்கொடுங்கள். அவருக்கு ஒரு மணி நேரம் கிடைக்காது என்பதால் இருபது நிமிடத்துக்குச் சுருக்கிய வடிவம் ஒன்றை இருவரும் சேர்ந்து உருவாக்குங்கள்: அட்டவணை ஐந்து, அட்டை ஐந்து, எழுத்து ஐந்து, தனியே கேட்பது ஐந்து. பத்தி நிலையைத் தாண்டிய தரம் 5 பிள்ளைகள் எழுத்து நிலைப் பிள்ளைகளோடு ஜோடியாக உட்காரலாம்.

ஒரு சீஆர் கொப்பியில் (தடித்த அட்டை போட்ட பெரிய குறிப்பேட்டில்) ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: தொடங்கிய நிலை, இப்போதைய நிலை, தடுமாறும் எழுத்துகள், வராத நாட்களின் காரணம். உங்கள் வாட்ஸ்அப் எண்ணை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அங்கே சிங்கப்பூரைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால், வகுப்பாசிரியர் பள்ளி முடிந்து 2 மணிக்கு அழைக்கும்போது இங்கே மாலை நான்கரை, உங்கள் வகுப்பும் முடிந்திருக்கும். மாதத்தில் ஒரு நாளை இருவரும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.